அம்மாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய், அடுத்த வாரமே ஆபரேஷன் என்கிறார்கள்: இங்கேயே செய்யலாமா, சென்னைக்குப் போகலாமா?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு வயது 61. பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமம். பொங்கல் முடிந்ததிலிருந்தே சோறு இறங்கவில்லை, நெஞ்சில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரில் பார்க்கிற டாக்டர் கேஸ் மாத்திரையும் சிரப்புமாக மாற்றி மாற்றிக் கொடுத்தார். இட்லியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற நிலை வந்த பிறகுதான் எண்டோஸ்கோபி எடுத்தோம். முன்பல்லிலிருந்து 27 செ.மீ. தொடங்கி 32 செ.மீ. வரை புண்ணோடு வளர்ச்சி, ஸ்கோப் அதற்குக் கீழே போகவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, குழாயின் உள்தோலில் வருகிற புற்றுநோய் வகையாம்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் (பெயர் வேண்டாம்) சர்ஜன் நெஞ்சுக்கு மட்டும் ஒரு சிடி எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே செய்துவிடலாம், தள்ளிப்போட்டால் பரவிவிடும், அட்வான்ஸ் கட்டுங்கள் என்றார். அப்பா கட்டிவிடலாம் என்கிறார். மாமா சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப் போ என்கிறார். சென்னை போய் மறுபடி எல்லா டெஸ்ட்டும் எடுத்து முடிப்பதற்குள் முற்றிவிடுமோ என்று எனக்குப் பயம். அம்மாவுக்குப் பீடி, சுருட்டு, சாராயம் எதுவும் கிடையாது. வெற்றிலை பாக்கு மட்டும்தான், கொஞ்சம் புகையிலையோடு. இவருக்கு ஏன் இது வந்தது என்றே புரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேன்மொழி எழுதியது:

தம்பி, முதலில் அட்வான்ஸ் கட்டுவதை நிறுத்துங்கள். என் கணவருக்கு இதே நோய்தான், இப்போது நன்றாக இருக்கிறார். எங்களுக்கும் அந்த "உடனே" என்கிற வார்த்தையைத்தான் முதலில் சொன்னார்கள். இந்தக் கட்டி மாதக் கணக்கில், சிலருக்கு அதற்கும் மேலாக வளர்ந்துதான் இந்த அளவுக்கு வந்திருக்கும், சரியான டெஸ்ட் எடுக்க ஆகிற இரண்டு மூன்று வாரத்தில் தலைகீழாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்த வாரங்களில் அம்மா பட்டினி கிடக்கக் கூடாது, அதுதான் அவசரம். எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தீர்களா?

வெற்றிலை பாக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வெற்றிலைத் தாம்பூலத்தைப் புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றுதான் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. வாய் மட்டும் இல்லை, உணவுக்குழாயும் அதில் உண்டு. அம்மாவிடம் இப்போது இதைச் சொல்லிக் குற்றவாளி ஆக்க வேண்டாம், ஆனால் சிகிச்சை தொடங்குவதற்குள் நிறுத்தியே ஆக வேண்டும்.

கத்தரிக்கோல் எழுதியது:

நான் புற்றுநோய் அறுவை சிகிச்சைத் துறையில் பயிற்சியில் இருக்கிறேன். அம்மாவை நான் பார்க்கவில்லை, அதனால் இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

ரிப்போர்ட்டில் உள்ள எண்களிலிருந்து தொடங்கலாம். முன்பல்லிலிருந்து அளந்தால் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடம் சுமாராக 40 செ.மீ. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் சுமார் 25. அம்மாவின் கட்டி 27இல் தொடங்கி 32 வரை, அதாவது நெஞ்சின் நடுப்பகுதியில், மூச்சுக்குழாய்ப் பிரிவுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. உணவுக்குழாய்க்கு வெளியே வயிற்று உறுப்புகளுக்கு இருப்பது போல உறை கிடையாது, தசையைத் தாண்டினால் நேராக மூச்சுக்குழாய், மகாதமனி, இதய உறை. அதனால்தான் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பக்கத்தில் எதையாவது பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது.

நெஞ்சுக்கு மட்டும் எடுத்த சிடி போதாது. நோய் பரவிய நிணநீர் முடிச்சுகள் கழுத்திலும் இருக்கலாம், வயிற்றில் இரைப்பைக்கு மேலேயும் இருக்கலாம். கழுத்து, நெஞ்சு, வயிறு மூன்றுக்கும் மருந்து ஏற்றி எடுக்கிற சிடி வேண்டும். முடிந்தால் பெட் சிடி, ஏனென்றால் சாதா சிடியில் தெரியாத எலும்பு, கல்லீரல் பரவலைச் சில நேரம் அதுதான் காட்டிக்கொடுக்கும், ஒரு பெரிய ஆபரேஷன் வீணாகாமல் தப்பிக்கும். கட்டி மூச்சுக்குழாய்க்குப் பக்கம் என்பதால் பிராங்கோஸ்கோபியும், அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதையும், செய்வார்கள். எண்டோஸ்கோப் வழியாகவே உள்ளிருந்து எடுக்கிற அல்ட்ராசவுண்ட் ஆழத்தை அளக்க நல்ல கருவிதான், ஆனால் உங்கள் அம்மாவுக்கு ஸ்கோப்பே இறங்கவில்லை என்பதால் அதைச் செய்ய முடியாமல் போகலாம். ஸ்கோப் இறங்காத கட்டி பெரும்பாலும் ஆரம்ப நிலைக் கட்டியாக இருப்பதில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்ப நிலை இல்லை என்றால் இன்று பெரும்பாலான பெரிய மையங்களில் நேராக ஆபரேஷன் கிடையாது. முதலில் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்து, அப்புறம்தான் அறுவை. 2012இல் வந்த நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வு இதற்கு அடிப்படை. வாரம் ஒரு கீமோ (கார்போபிளாட்டினும் பேக்ளிடாக்சலும்) ஐந்து வாரம், கூடவே 23 தடவையாக மொத்தம் 41.4 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு) ரேடியேஷன், அதன்பின் அறுவை. இப்படிச் செய்தவர்களில் பாதிப்பேர் உயிரோடு இருந்த காலம் சுமார் 49 மாதம், நேராக ஆபரேஷன் செய்தவர்களுக்கு 24 மாதம். ஸ்குவாமஸ் வகைக்கு இந்த மருந்து இன்னும் நன்றாகக் கேட்டது. அந்த ஆய்வில் ஸ்குவாமஸ் நோயாளிகளில் 49 சதவீதம் பேருக்கு, அறுத்து எடுத்த குழாயில் புற்றுநோய்ச் செல்லே மிச்சம் இல்லை.

ஆக, உங்கள் சர்ஜனிடம் நான்கு கேள்வி கேளுங்கள். வருஷத்துக்கு எத்தனை உணவுக்குழாய் ஆபரேஷன் இங்கே நடக்கிறது? ஸ்டேஜ் என்ன? கீமோ ரேடியேஷன் ஏன் முதலில் வேண்டாம்? இந்தக் கேஸை ட்யூமர் போர்டில், அதாவது சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினீர்களா? இதற்கு முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

எண்ணிக்கையைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2002இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஆபரேஷன்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, உணவுக்குழாய் ஆபரேஷனை மிக அரிதாகச் செய்கிற மருத்துவமனைகளில் இறப்பு சுமார் 20 சதவீதம், நிறையச் செய்கிற இடங்களில் சுமார் 8. இன்று இரண்டு எண்களுமே குறைந்திருக்கும், ஆனால் இடைவெளி இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சர்ஜனின் கை மட்டும் காரணம் இல்லை. ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் ராத்திரி காய்ச்சல் ஏறி நாடி ஓடும்போது, இது தையல் விட்டதன் அறிகுறி என்று அந்த நேரத்தில் டூட்டியில் இருக்கிற நர்ஸுக்கும் ஜூனியர் டாக்டருக்கும் தோன்ற வேண்டும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு செய்கிற இடத்தில் அது தோன்றாது.

மண்பானை எழுதியது:

எல்லோரும் பயமுறுத்தாதீர்கள். பயாப்ஸி எடுத்ததே தப்பு, கத்தி பட்டால் கட்டி பரவும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? முள்சீத்தா இலைக் கஷாயம் காலை மாலை கொடுத்துப் பாருங்கள். கீமோவை விடப் பல மடங்கு சக்தி என்று ஆராய்ச்சியிலேயே நிரூபித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்குக் குணமானது.

கத்தரிக்கோல் எழுதியது:

மண்பானை சார், அந்த ஆராய்ச்சி கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது. அப்படிச் செல்லைக் கொல்கிற பொருள்கள் ஆயிரம் உண்டு. மனிதரில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் இதனால் குணமானது என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை. எண்டோஸ்கோபி பயாப்ஸியில் எடுப்பது அரிசி மணியை விடச் சின்னத் துணுக்கு, அது இல்லாமல் எந்த வகைப் புற்றுநோய் என்றே தெரியாது, வகை தெரியாமல் மருந்து கிடையாது. உதாரணத்துக்கு, உணவுக்குழாயின் அடியில், இரைப்பைக்குப் பக்கத்தில் வருவது பெரும்பாலும் அடினோகார்சினோமா என்கிற சுரப்பிச் செல் வகை, மேலை நாடுகளில் நாள்பட்ட எதுக்களிப்பும் உடல் பருமனும் உள்ளவர்களிடம் அதிகம். அதற்கு இப்போது கீமோ திட்டமே வேறு. 2025இல் வெளியான எசோபெக் ஆய்வு, அந்த வகைக்கு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஃப்ளாட் என்கிற நான்கு மருந்துக் கீமோ கொடுத்தால் கிராஸ் முறையை விடப் பலன் கூடுதல் என்று காட்டியது. நம் ஊரில் அதிகம் பார்ப்பது ஸ்குவாமஸ்தான்.

கஷாயத்தால் பெரிய கெடுதல் பெரும்பாலும் தாமதம்தான். இந்த அம்மாவுக்கு இறங்குவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் சத்தில்லாத இலைத் தண்ணீரால் நிரப்ப வேண்டாம்.

பழையசோறு எழுதியது:

மண்பானை மாதிரி ஒருவர் எல்லா இழையிலும் வந்துவிடுகிறார். மாடரேட்டர் எங்கே?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்த மருத்துவமனையில் வருஷத்துக்கு எத்தனை என்று கேட்டேன், அதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்றார்கள். அட்வான்ஸ் கட்டவில்லை. சென்னைக்குப் போவது என்று முடிவு.

இப்போது வேறு பிரச்சினை. நேற்றிலிருந்து மோர்கூட மெதுவாகத்தான் இறங்குகிறது. சில நேரம் எச்சிலைக்கூடத் துப்பிவிடுகிறார். பக்கத்தில் ஒரு டாக்டர் ஸ்டென்ட் (குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கிற வலைக்குழாய்) வைத்துவிட்டால் நாளைக்கே சாப்பிடலாம் என்கிறார். இன்னொருவர் வயிற்றில் துளை போட்டு டியூப் வைக்கலாம் என்கிறார். எது சரி?

கத்தரிக்கோல் எழுதியது:

இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். ஸ்டென்ட் அருமையான கருவி, ஆனால் அது குணப்படுத்த முடியாத நிலையில் விழுங்குவதற்கு வழி செய்யத்தான். குணமாக வாய்ப்பு உள்ளவருக்குக் கீமோ ரேடியேஷனுக்கு முன்னால் உலோக ஸ்டென்ட் வைத்தால் வலி, இடம் நகர்தல், துளை விழுதல் என்று சிக்கல்கள் வரும், பின்னால் ஆபரேஷனும் கடினமாகும். ஐரோப்பிய எண்டோஸ்கோபி வழிகாட்டிகளும் ஆபரேஷனுக்கு முந்தைய ஏற்பாடாக அதைப் பரிந்துரைப்பதில்லை.

வயிற்று டியூப் விஷயம் இன்னும் முக்கியம். இந்த ஆபரேஷனில் எடுத்துவிட்ட உணவுக்குழாய்க்குப் பதிலாக இரைப்பையைத்தான் நீளமான குழாயாகத் தைத்து நெஞ்சுக்கோ கழுத்துக்கோ மேலே இழுத்து இணைப்பார்கள். அந்த இரைப்பையில் இப்போதே துளை போட்டு டியூப் வைத்தால், அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடிபட வாய்ப்புண்டு. அதனால் பெரும்பாலான சர்ஜன்கள் ஒன்று மூக்கு வழியாக மெல்லிய டியூப், இல்லையென்றால் சிறுகுடலில் டியூப் என்றுதான் போவார்கள். யார் எந்த டியூப் வைத்தாலும், பின்னால் ஆபரேஷன் செய்யக்கூடிய டாக்டர் பார்த்த பிறகு வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் குடித்தால் உடனே இருமல் வருகிறதா, குரல் கரகரத்துவிட்டதா என்று கவனியுங்கள். முதலாவது உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே ஓட்டை விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம், இரண்டாவது குரல் நரம்பைக் கட்டி பிடித்ததன் அடையாளமாக இருக்கலாம். அங்கே போனதும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியவை இவை. தண்ணீரே இறங்கவில்லை என்றால் ஓபி டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பக்கத்து மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றச் சொல்லுங்கள்.

தேன்மொழி எழுதியது:

சென்னை என்றால் அடையாறு மட்டும்தான் என்று இல்லை தம்பி. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் குடல் அறுவைச் சிகிச்சைக்குத் தனித்துறை உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. உங்கள் பக்கத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மரும் ரொம்பத் தூரமில்லை. அடையாறு 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் ஆரம்பித்தது, 12 படுக்கையோடு. இன்றைக்கும் அறக்கட்டளை மருத்துவமனைதான். அங்கே வாழ்நாளையே கழித்த டாக்டர் சாந்தா அம்மா 2021இல் காலமானார். மாமா அந்தப் பெயரைச் சொன்னதில் ஆச்சரியமே இல்லை, எங்கள் தலைமுறைக்குக் கேன்சர் என்றாலே அடையாறுதான்.

எங்கே போனாலும் பயாப்ஸி ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். லேபில் கேட்டுக் கண்ணாடி ஸ்லைடையும், சதைத் துணுக்கைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய மையத்தில் அவர்கள் பேத்தாலஜிஸ்ட் மறுபடி பார்ப்பார், பிளாக் கையில் இருந்தால் மறுபடி எண்டோஸ்கோபி எடுக்கிற அவஸ்தை பெரும்பாலும் மிச்சம். சிடி ஸ்கேனையும் ஃபிலிமாக மட்டும் வாங்காமல் கம்ப்யூட்டர் டிஸ்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

காப்பீடு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ஆனால் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று பேக்கேஜ் உண்டு, அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்க வேண்டும், ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அப்ரூவல் வாங்க வேண்டும். பணம் கட்டிவிட்டுப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மூன்றுபந்து எழுதியது:

இந்த ஆபரேஷன் செய்துகொண்டவன் நான். வயது 58, முன்பு பீடி. என் பெயரைப் பார்த்தாலே சிலருக்குத் தெரிந்திருக்கும்.

சென்னை போய் வரிசையில் நிற்கிற நாட்களிலேயே அம்மாவுக்கு மூச்சுப் பயிற்சிக்கான அந்தப் பிளாஸ்டிக் மூன்று பந்துக் கருவியை வாங்கிக் கொடுங்கள், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். எல்லோரும் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது! குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், பந்து மேலே ஏறி அப்படியே நிற்க வேண்டும். எனக்கு முதலில் ஒரு பந்து கூட ஏறவில்லை. ஆபரேஷன் தேதிக்குள் இரண்டு ஏறியது. பிசியோதெரபி அக்கா விடியற்காலையே வந்து கட்டிலோரம் நின்றுவிடுவார், தப்பிக்க முடியாது. இந்த ஆபரேஷனில் ஆளைச் சாய்ப்பது முக்கியமாக நெஞ்சுச் சளியும் நிமோனியாவும்தான். நெஞ்சைத் திறந்தாலும் சரி, துளை வழியாக லேப்ராஸ்கோபி மாதிரி செய்தாலும் சரி, இருமச் சொன்னால் வலிக்கும், வலிக்கிறது என்று இருமாமல் இருந்தால் சளி கட்டும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுப்பார்கள்.

கீமோ ரேடியேஷன் காலத்தில் (எங்கள் வார்டில் எல்லோரும் "கரண்டு வைக்கிறது" என்போம்) மூன்றாவது வாரம் வரை ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் விழுங்கினால் உள்ளே எரிகிறது, மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி. சாப்பாட்டுக்கு முன் கொடுக்கிற மரத்துப்போகிற மருந்தைக் குடித்துவிட்டு, ஆறின ராகிக் கஞ்சி குடிப்பேன். அது முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் எரிச்சல் அடங்கியது. அதிசயம் என்னவென்றால் அப்போது சோறே இறங்க ஆரம்பித்துவிட்டது! குணமாகிவிட்டது, இனி எதற்கு ஆபரேஷன் என்று வீட்டில் ஒரே சண்டை.

பழையசோறு எழுதியது:

அந்தக் கேள்விதான் எனக்கும். பாதிப்பேருக்குச் செல்லே மிச்சமில்லை என்று மேலே டாக்டர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் பாதிப்பேருக்கு இவ்வளவு பெரிய ஆபரேஷன் தேவையே இல்லாமல் நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

கத்தரிக்கோல் எழுதியது:

நல்ல கேள்வி, எங்கள் துறையே இதில் இரண்டு பட்டுக் கிடக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பாதி யார் என்று ஆபரேஷனுக்கு முன்னால் உறுதியாகச் சொல்ல வழி இல்லை. எண்டோஸ்கோபியில் சுத்தமாகத் தெரியும், பயாப்ஸியும் நெகட்டிவ் வரும், ஆனால் சுவரின் ஆழத்திலோ ஒரு நிணநீர் முடிச்சிலோ செல் மிச்சமிருக்கும்.

நெதர்லாந்துக்காரர்கள் சானோ என்று ஓர் ஆய்வு செய்து 2025இல் வெளியிட்டார்கள். கீமோ ரேடியேஷனுக்குப் பின் எல்லாப் பரிசோதனையிலும் நோய் தெரியாதவர்களில் ஒரு பகுதிக்கு ஆபரேஷன், மற்றவர்களை நெருக்கமாகக் கண்காணித்து, திரும்ப வந்தால் மட்டும் ஆபரேஷன். இரண்டு வருஷ உயிர்வாழ்வில் கண்காணிப்புக் குழு பின்தங்கவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அது திட்டமிட்ட கண்காணிப்பு. குறித்த இடைவெளியில் எண்டோஸ்கோபி, ஒரே இடத்தில் மறுபடி மறுபடி கடித்தெடுக்கிற ஆழமான பயாப்ஸி, அல்ட்ராசவுண்ட், பெட் சிடி. சாப்பாடு இறங்குகிறது, வயல் வேலை இருக்கிறது என்று ஆறு மாதம் வராமல் இருந்துவிட்டால் அது கண்காணிப்பு ஆகாது. அப்படிக் காணாமல் போய், மறுபடி அடைத்த பிறகு பரவிய நிலையில் வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம்.

கழுத்துப் பகுதி உணவுக்குழாயில் கட்டி இருந்தால் குரல்வளையையே எடுக்க நேரிடும் என்பதால், அங்கே 50 கிரே அளவு ரேடியேஷனும் கீமோவுமே பெரும்பாலும் முழுச் சிகிச்சை. இதயம், நுரையீரல் தாங்காதவர்களுக்கும் அதுதான். ஆகவே "ஆபரேஷன் இல்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றுபந்து எழுதியது:

நான் செய்துகொண்டேன், வருத்தமில்லை. ஆனால் மேலே யாரும் சொல்லாததைச் சொல்கிறேன், செய்துகொண்ட பிறகு சாப்பாடு பழைய மாதிரி இருக்காது. இரைப்பை நெஞ்சுக்குள் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளை. சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை, அரைமணி கழித்துத்தான். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிந்துவிடும், படுக்கும்போது கட்டிலின் தலைப்பக்கம் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன், தட்டையாகப் படுத்தால் பித்தம் தொண்டைக்கு வரும். பேரன் பிறந்தநாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன், கால்மணியில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, கழிப்பறைக்கு ஓடினேன். டம்பிங் என்பார்கள். இனிப்பைக் குறைத்தால் வராது. தையல் போட்ட இடம் சுருங்கி மறுபடி அடைத்தால் எண்டோஸ்கோபியில் பலூன் விட்டு விரிப்பார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம், புற்றுநோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை.

தேன்மொழி எழுதியது:

சிறுகுடல் டியூப் வைத்தால் வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு இது. கஞ்சியை மிக்ஸியில் அடித்த பிறகும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள், டீ வடிகட்டி போதாது, டியூப் மெல்லியது. ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து விட்டுக் கழுவ வேண்டும். மாத்திரையைப் பொடித்துப் போட்டால் அடைத்துக்கொள்ளும், சிரப்பாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். வேகமாகச் செலுத்தினால் வயிற்றுப்போக்கு, அதனால் மெதுவாக, சொட்டுச் சொட்டாக. டயட்டீஷியன் எழுதிக் கொடுக்கிற அளவில் பால், முட்டை வெள்ளை, எண்ணெய் எல்லாம் இருக்கும். வெறும் அரிசிக் கஞ்சியில் சத்து கிடையாது, எங்கள் மாமியார் அதை மட்டும் ஊற்றி ஒரு வாரத்தில் எடையைக் குறைத்துவிட்டார்.

காவிரிக்கரை எழுதியது:

அப்டேட். அம்மாவைச் சென்னையில் சேர்த்துவிட்டோம். கழுத்து, நெஞ்சு, வயிறு சிடி எடுத்தார்கள், பெட் சிடியும். உணவுக்குழாய் வெளிச்சுவரைத் தாண்டியிருக்கிறது, பக்கத்தில் இரண்டு நிணநீர் முடிச்சு, வேறு எங்கும் பரவவில்லை. பிராங்கோஸ்கோபியில் மூச்சுக்குழாய் சுத்தம். ஸ்டேஜ் மூன்று என்று எழுதியிருக்கிறார்கள். ட்யூமர் போர்டில் வைத்துவிட்டு, மேலே டாக்டர் சொன்ன முறையையே சொன்னார்கள்: கீமோ ரேடியேஷன், அப்புறம் ஆறேழு வாரம் கழித்து மறுபடி பார்த்து ஆபரேஷன். மூக்கு டியூப் எண்டோஸ்கோபி உதவியோடு வைத்துவிட்டார்கள், பால் போகிறது. டியூப் வைத்த மறுநாளே அம்மாவின் முகத்தில் தெளிவு.

சர்ஜன் ஒன்று சொன்னார். நேராக ஆபரேஷன் செய்திருந்தால் கட்டியை முழுசாக எடுக்க முடியாமல் ஓரத்தில் மிச்சம் விட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்றார். அப்பாவிடம் அதைச் சொன்ன பிறகுதான் அட்வான்ஸ் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

இரண்டு சந்தேகம். ரேடியேஷன் வாரத்தில் ஐந்து நாள், மற்ற இரண்டு நாள் ஊருக்குப் போய் வரலாமா? நிவோலுமாப் என்று ஒரு மருந்து பற்றிப் பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார், அது இப்போதே வேண்டுமா?

கத்தரிக்கோல் எழுதியது:

நல்லபடியாக நடந்திருக்கிறது. நிவோலுமாப் இப்போது வேண்டாம். ஆபரேஷனில் எடுத்த குழாயில் நோய் மிச்சம் இருந்தால் மட்டும், அதன்பின் கொடுக்கிற இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற மருந்து அது. 2021இல் வந்த ஆய்வில் நோய் திரும்பாமல் இருந்த காலம் 11 மாதத்திலிருந்து 22 மாதமாக நீண்டது. விலை மிக அதிகம், அதனால் ஆபரேஷன் ரிப்போர்ட் வந்த பிறகு காப்பீடு, மருத்துவமனை உதவி நிதி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். இப்போதே கடன் வாங்கி வைக்க வேண்டாம்.

ஊருக்குப் போவதைப் பற்றி: வேண்டாம். ரேடியேஷன் நாள் விடுபட்டால் பலன் குறையும், ஞாயிறு ராத்திரி பஸ் பழுதானால் திங்கள் போச்சு. ரத்த அணுக்கள் குறைந்திருக்கிற நேரத்தில் கூட்டத்தில் பயணமும் நல்லதில்லை. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு. மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் பக்கத்தில் தங்குமிடம் கேளுங்கள்.

தேன்மொழி எழுதியது:

ரயிலில் போகும்போது சலுகை உண்டு தம்பி, மறக்காதீர்கள். சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ரிசர்வேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கடைசி நேரத்தில் கேட்டால் கையெழுத்துப் போடுகிற டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார், முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

மூன்றுபந்து எழுதியது:

அம்மாவிடம் பந்துக் கருவியைக் கொடுத்துவிட்டீர்களா? ஊதாமல் இழுக்கச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

கொடுத்துவிட்டேன் அண்ணா. ஒன்று ஏறுகிறது. வெற்றிலைப் பெட்டி கேட்கிறார், அதற்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மூன்றுபந்து எழுதியது:

சோம்பும் கிராம்பும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு இடுப்பில் செருகக் கொடுங்கள். விழுங்காமல் மென்று துப்பட்டும். எனக்குப் பீடி கை நமநமத்தபோது வார்டில் இருந்த பெரியவர் சொல்லிக் கொடுத்தது. முதல் பத்து நாள்தான் கஷ்டம். தாங்க முடியவில்லை என்றால் புகையிலை நிறுத்த உதவுகிற கவுன்சலர் அங்கேயே இருக்கிறாரா என்று ஓபியில் கேளுங்கள்.